பரணில் கிடக்கும் லேப்டாப்பைப் பென்டிரைவில் ஓட்டுவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருந்த வீடு என்றால், பரணிலோ பீரோ மேலோ ஓர் அரசு லேப்டாப் கிடக்கலாம். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-ல் தொடங்கியது. அப்போது வந்த இயந்திரங்கள் மூடிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஹார்டு டிஸ்க் போயிருக்கும், பேட்டரி நிற்காது, அல்லது விண்டோஸ் ஏறி முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு பென்டிரைவும், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் லேசான ஒரு வகையும் போதும். பேட்டரிக்குப் பிறகு வருவோம்.

பென்டிரைவில் இயங்குதளம் ஓட்டுவதில் உள்ள சூட்சுமம் ஒன்றுதான். பென்டிரைவ் படிப்பதில் பரவாயில்லை. துண்டு துண்டாக எழுதச் சொன்னால் திணறும், ஓயாமல் எழுதச் சொன்னால் செத்தும் போகும். ஆகவே பென்டிரைவிலிருந்து படித்து, வேலையை ராமில் நடத்தி, எதை எப்போது திருப்பி எழுதுவது என்பதை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் தேர்வுகளில் பாதி இந்தக் காரணத்தால் எடுத்தவைதான்.

முதலில் இயந்திரத்தைப் பாருங்கள்

ஆன் செய்ததும் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் லெனோவோ, ஏசர், டெல், ஏசுஸ் இயந்திரங்களில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரை வரும். எச்பியில் எஃப்10. அங்கே ராம் எவ்வளவு, பிராசசர் எது என்று எழுதியிருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

2 ஜிபி ராம் இருந்தால் இங்கே சொல்லும் எல்லாம் நடக்கும். 1 ஜிபி என்றால் பப்பி லினக்ஸ் போட்டு, பிரவுசரில் ஒரு பக்கம் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 512 எம்பி என்றால் இன்றைய இணையதளங்களைத் திறக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். தட்டச்சு செய்யவும் பாட்டுக் கேட்கவும் ஆகும். ராம் வாங்கிப் போடுவதானால் பழைய ராமின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து வாங்குங்கள். செலிரான் என்2840 போன்ற சிப்களுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வகைதான் வேண்டும். பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐச் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். கடைக்காரர் ‘போர்டு போச்சு’ என்று சொல்லிவிட வாய்ப்புண்டு.

பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்பது அடுத்தது. செலிரான் என் வரிசை எல்லாம் 64 பிட். ஆட்டம் என்270 உள்ள சின்ன நெட்புக்குகள் 32 பிட் மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வில்லங்கமான இனம் உண்டு. ஆட்டம் இசட்3735எஃப் சிப், 2 ஜிபி ராம், 32 ஜிபி உள் சேமிப்பு என்று மலிவாக விற்ற லேப்டாப்புகளில் பிராசசர் 64 பிட், பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ மட்டும் 32 பிட்டாக இருக்கும். சாதாரண 64 பிட் லினக்ஸை எழுதிச் செருகினால் பென்டிரைவ் இருப்பதையே அது கண்டுகொள்ளாது. அதற்கு 32 பிட் யுஇஎஃப்ஐ துவக்கக் கோப்பும் சேர்ந்த பதிப்பு வேண்டும். பென்டிரைவில் வென்டாய் என்ற இலவசக் கருவியை நிறுவி, அதன் வழியாக லினக்ஸின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவைத் திறந்து பார்ப்பதும் ஒரு வழி. வென்டாய் 32 பிட் யுஇஎஃப்ஐயிலும் ஏறும்.

ஹார்டு டிஸ்க் கெட்டிருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள். முற்றிலும் செத்த டிஸ்கைவிடச் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்தான் தொல்லை. லினக்ஸ் ஏறும்போது அதைப் படிக்கப் பார்க்கும், பதில் வராது, காத்திருக்கும், மறுபடி முயலும். ஒரு நிமிடத்தில் ஏற வேண்டியது ஐந்தாறு நிமிடம் இழுக்கும். கழற்றினால் மின்சாரமும் ஓரிரு வாட் மிச்சம். அதில் கல்யாணப் போட்டோ ஏதாவது இருந்தால் டிஸ்கைத் தூக்கிப் போடாமல் வையுங்கள். யுஎஸ்பி கேஸில் போட்டுப் பிறகு மீட்க முயலலாம்.

டிஸ்க் மட்டும்தான் கெட்டது, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது என்றால், ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி உள்ளேயே மாட்டிவிடுங்கள். அப்படிச் செய்பவர்களுக்கு மீதிக் கட்டுரை தேவையில்லை.

கடைசியாக, கடிகாரம். வருடக்கணக்கில் கிடந்த இயந்திரத்தில் சிஆர்2032 பட்டன் பேட்டரி காலியாகியிருக்கும். தேதி பத்துப் பதினைந்து வருடம் பின்னால் நிற்கும். அந்தத் தேதியோடு இணையம் திறந்தால் எல்லாத் தளமும் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மிரட்டும். நெட் கெட்டுவிட்டது என்று நினைத்து மோடத்தைப் பிடித்து ஆட்டுபவர்கள் பலர். தேதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. பேட்டரியை மாற்றுவதே நல்லது, இல்லாவிட்டால் எதிலிருந்து ஏறுவது என்ற பூட் வரிசையையும் ஒவ்வொரு தடவையும் மறந்துவிடும். சில மாடல்களில் அந்தப் பட்டன் ஒயரும் கனெக்டரும் சேர்ந்து வரும். வெறும் பட்டனை வாங்கிவந்து விழிக்காமல், திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பென்டிரைவ் தேர்வு

16 ஜிபி குறைந்தபட்சம், 32 ஜிபி தாராளம். லேப்டாப்பில் யுஎஸ்பி 2 துளை மட்டும் இருந்தாலும் யுஎஸ்பி 3 பென்டிரைவே வாங்குங்கள். யுஎஸ்பி 2 துளையில் நொடிக்கு 30, 35 எம்பிக்கு மேல் எதுவும் வராது என்பது உண்மைதான். ஆனால் யுஎஸ்பி 3 என்று விற்பவற்றில் உள்ளே இருக்கும் சிப் பொதுவாகத் தரமானது, சின்னக் கோப்புகளை எழுதுவதில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். துளைக்குள் நாக்கு நீலமாக இருந்தால் அது யுஎஸ்பி 3. இருந்தால் அதிலேயே செருகுங்கள்.

பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கும் 128 ஜிபி, 256 ஜிபி பென்டிரைவ்கள் உள்ளுக்குள் 8 ஜிபியாக இருக்கும். விண்டோஸில் பார்த்தால் 128 என்றே காட்டும், 8 நிரம்பிய பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும். வாங்கியவுடன் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டுமே பென்டிரைவ் முழுவதையும் நிரப்பி, திரும்பப் படித்து ஒப்பிடும். 32 ஜிபிக்கு ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கலாம். கூடவே எழுதும் வேகத்தையும் காட்டிவிடும்.

உடம்பு குட்டையான பென்டிரைவ் சூடாகும், நீளமானது கை பட்டு முறியும். மடியில் வைத்து வேலை பார்ப்பவர் குட்டையை எடுங்கள், மேசையில் வைப்பவர் நீளத்தை எடுங்கள். எஸ்டி கார்டு துளையில் போடலாமே என்று தோன்றும். பழைய லேப்டாப்புகள் பலவற்றில் பயாஸ் அந்தத் துளையிலிருந்து பூட் ஆகாது.

எந்த லினக்ஸ்?

லினக்ஸில் பல வகை உண்டு. 2 ஜிபி இயந்திரத்துக்கு ஆன்டிஎக்ஸ், 1 ஜிபிக்கு பப்பி. உபுண்டு, மின்ட் போன்றவை நல்லவைதான், ஆனால் பென்டிரைவிலேயே குடியிருப்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. விண்டோஸைப் பென்டிரைவில் போடுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: அதற்கென்று இருந்த விண்டோஸ் டு கோ வசதியை மைக்ரோசாஃப்ட் 2020-லேயே கைவிட்டது. வேறு வழியில் ஏற்றினாலும் சாதாரணப் பென்டிரைவில் அது நகராது.

ஆன்டிஎக்ஸ், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. 2023-ல் வந்த 23-ஆம் பதிப்பு டெபியன் 12-ஐ ஒட்டியது. ஏறி நிற்கும்போது 200 எம்பியைச் சுற்றித்தான் ராம் எடுக்கும். முழுப் பதிப்பில் ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வருகின்றன. முக்கியமாக, பென்டிரைவில் எதை எப்போது எழுதலாம் என்று நாமே முடிவு செய்யும் வசதி இதில் இருக்கும் அளவுக்கு வேறெதிலும் கிடைப்பது அரிது.

32 பிட் பதிப்பு ராம் குறைவாக எடுக்கும் என்று அதன் பக்கம் சாயாதீர்கள். பிராசசர் 64 பிட் என்றால் 64 பிட்டையே போடுங்கள். குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. பழைய பிரவுசரோடு வங்கித் தளம் திறப்பது நல்லதல்ல.

எழுதும் வேலை

இதற்கு இரண்டு பென்டிரைவ் வேண்டும். ஒன்று 4 ஜிபியோ 8 ஜிபியோ, வீட்டில் கிடப்பது எதுவானாலும் சரி. இன்னொன்று நீங்கள் வாங்கிய நல்லது. முதலாவது ஏணி மட்டும்தான்.

1. ஆன்டிஎக்ஸ் தளத்திலிருந்து 64 பிட் முழுப் பதிப்பின் ஐஎஸ்ஓவை இறக்குங்கள். 2 ஜிபிக்குள் இருக்கும்.

2. கோப்பு முழுதாக வந்ததா என்று பார்க்க, தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு ஒப்பிடுங்கள். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தாலே அந்த எண் கிடைக்கும். நெட் விட்டு விட்டு வரும் ஊரில் இதைத் தாண்டிப் போகாதீர்கள். பாதியில் அறுந்த ஐஎஸ்ஓ எழுதும்போது ஒன்றும் சொல்லாது, ஏறும்போதுதான் நடுவில் நிற்கும்.

3. ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளைத் திறந்து ஏணிப் பென்டிரைவில் எழுதுங்கள். ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்டால் டிடி என்று சொல்லுங்கள். அந்தப் பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். கணினியில் வேறு பென்டிரைவ் எதுவும் செருகியிருக்க வேண்டாம்.

4. பக்கத்தில் கணினியே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் எட்ச்ட்ராய்டு என்ற இலவசச் செயலி உண்டு. போனில் பென்டிரைவைச் செருக உதவும் ஓடிஜி அடாப்டர் வழியாகப் போனிலிருந்தே பென்டிரைவில் எழுதிவிடும். போன் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

5. ஏணியை லேப்டாப்பில் செருகி, பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே ஆன் செய்யுங்கள். லெனோவோ, டெல் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசுஸ் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவைக்க வேண்டும்.

6. ஆன்டிஎக்ஸ் ஏறியதும் நல்ல பென்டிரைவைச் செருகுங்கள். மெனுவில் லைவ் யுஎஸ்பி மேக்கர் என்ற கருவி இருக்கும். ‘முழு வசதி’ முறையைத் தேர்ந்தெடுங்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிஎக்ஸையே நகலெடுக்கச் சொல்லலாம். டேட்டாவுக்கென முன்பக்கம் ஒரு தனிப் பகுதி ஒதுக்கும் தேர்வும் அதில் உண்டு, 4 ஜிபி ஒதுக்குங்கள். ஏன் என்பது கீழே வரும்.

7. அணைத்து, ஏணியைப் பிடுங்கிவிட்டு, நல்ல பென்டிரைவிலிருந்து ஏறுங்கள்.

பென்டிரைவ் பூட் மெனுவில் தெரியவே இல்லையென்றால் சந்தேகத்தை இந்த வரிசையில் பாருங்கள்: பயாஸில் செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கிறதா, ஃபாஸ்ட் பூட் ஆன் ஆக இருக்கிறதா, துளை தளர்ந்திருக்கிறதா. முதல் இரண்டையும் அணைத்துவிட்டு வேறொரு துளையில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் இன்னும் உள்ளே உயிரோடிருந்தால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கைத் திறந்தால் படிக்க மட்டுமே விடும்.

ஆன்டிஎக்ஸ் லைவில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே ‘டெமோ’, நிர்வாகிக்கான ரூட் கடவுச்சொல் ‘ரூட்’. உலகம் முழுக்கத் தெரிந்த கடவுச்சொற்கள் இவை. அடுத்த பகுதியில் சொல்வதைச் செய்து முடித்த கையோடு மாற்றிவிடுங்கள்.

பெர்சிஸ்டன்ஸ்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

லைவ் லினக்ஸில் நீங்கள் செய்த மாற்றம் எதுவும் அணைத்தவுடன் நிற்காது. வைஃபை கடவுச்சொல், எழுத்துரு, எழுதிய மனு எல்லாம் போய்விடும். அவற்றை நிறுத்திவைப்பதுதான் பெர்சிஸ்டன்ஸ். ஆன்டிஎக்ஸ் பூட் மெனுவில் இதற்கு ஐந்தாறு தேர்வுகள் வரும். புதிதாக வருபவர் குழம்புவது இங்கேதான்.

இரண்டு பெட்டிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூட் பெட்டியில் இயங்குதளத்தின் மாற்றங்கள், புதிதாக நிறுவிய மென்பொருள்கள். ஹோம் பெட்டியில் உங்கள் கோப்புகள், பிரவுசர் அமைப்புகள். ‘பெர்சிஸ்ட் ஸ்டேட்டிக்’ என்றால் இரண்டுமே பென்டிரைவில் நேரடியாக, அந்தந்த நொடியே எழுதப்படும். ‘பெர்சிஸ்ட் ரூட்’ என்றால் எல்லாம் ராமில் இருக்கும், அணைக்கும்போது ‘சேமிக்கவா?’ என்று கேட்டு ஒரே மூச்சில் எழுதும். ‘பெர்சிஸ்ட் ஆல்’ என்பது இரண்டும் கலந்தது. ரூட் ராமில், ஹோம் பென்டிரைவில்.

நம் பக்கத்துக்கு ‘பெர்சிஸ்ட் ஆல்’தான் சரி. காரணம் கரண்ட். ஐப்பசி கார்த்திகை மழையில் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, பரண் லேப்டாப்பின் பேட்டரியோ செத்தது. ஸ்டேட்டிக்கில் ஏதாவது நிறுவிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இயங்குதளமே பாதியில் எழுதப்பட்டு நிற்கும், அடுத்த தடவை ஏறாமலும் போகலாம். பெர்சிஸ்ட் ரூட்டில் கரண்ட் போனால் பென்டிரைவுக்குச் சேதமில்லை, ஆனால் இரண்டு மணி நேரமாக அடித்த பயிர்க் காப்பீட்டு விண்ணப்பமும் சேர்ந்து போகும். பெர்சிஸ்ட் ஆலில் அன்று நிறுவிய மென்பொருள் போனால் போகிறது, சேமித்த கோப்பு ஹோமில் இருக்கும்.

முதல் தடவை இதைத் தேர்ந்தெடுத்து ஏறும்போது இரண்டு பெட்டிக்கும் அளவு கேட்கும். 2 ஜிபி ராம் உள்ள இயந்திரத்தில் ரூட்டுக்கு 1 ஜிபி போதும், ராமில் தூக்கி வைக்க வேண்டியது என்பதால் பெரிதாகக் கொடுத்துப் பயனில்லை. ஹோமுக்கு 4 முதல் 8 ஜிபி. பூட் மெனுவிலேயே தேர்வுகளைச் சேமிக்கும் இடமும் உண்டு. அதைச் செய்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

பெரிய அப்டேட் வரும்போதுதான் சிக்கல். நூறு இருநூறு மென்பொருள் பொதிகளை ராமிலேயே நிறுவினால் ராம் நிரம்பி இயந்திரம் உறைந்துவிடும். அதற்காக மட்டும் ஒரு முறை ஸ்டேட்டிக்கில் ஏறி, கரண்ட் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து அப்டேட் செய்து, மறுபடி பெர்சிஸ்ட் ஆலுக்குத் திரும்புங்கள்.

ரூட் பெட்டி முக்கால்வாசி நிரம்பிவிட்டால் ரீமாஸ்டர் செய்யுங்கள். இதுவரை செய்த மாற்றங்களை எல்லாம் இயங்குதளத்தின் மூலக் கோப்போடு சேர்த்துச் சுருக்கிப் புதிதாக ஒன்று கட்டும் வேலை அது. பழையதைத் தனியாக வைத்துக்கொள்ளும், ஏறவில்லையென்றால் பழையதற்குத் திரும்பலாம். பென்டிரைவில் புதியதற்கும் பழையதற்கும் சேர்த்து இடம் வேண்டும், 16 ஜிபியில் நெருக்கடி தெரிவது இங்கேதான். சுருக்கும் முறை கேட்டால் எக்ஸ்இசட்டைத் தவிருங்கள். அளவு குறையும், ஆனால் செலிரானில் கட்டி முடிக்க வெகுநேரமாகும், பிறகு விரித்துப் படிப்பதும் மெதுவாகும். எல்இசட்4 கொஞ்சம் இடம் கூட எடுக்கும், படிப்பதில் வேகம்.

பப்பியில் இதே வேலை வேறு மாதிரி நடக்கும். முதல் முறை அணைக்கும்போது ‘சேவ்’ கோப்பு உருவாக்கவா என்று கேட்கும். உருவாக்கிய பிறகு சில நிமிடங்களுக்கு ஒரு முறை தானாகவே பென்டிரைவுக்கு எழுதிக்கொண்டிருக்கும். பப்பி ஈவென்ட் மேனேஜரில் அந்த இடைவெளியை 0 ஆக்கினால் தானாக எழுதுவது நிற்கும், நாம் டெஸ்க்டாப்பில் உள்ள ‘சேவ்’ ஐகானை அழுத்தும்போது மட்டும் எழுதும்.

தமிழ்

மென்பொருள் நிறுவும் கருவியான சினாப்டிக்கில் லோஹித் தமிழ், நோட்டோ எழுத்துருக்களைத் தேடி நிறுவுங்கள். விசைப்பலகைக்கு ஐபஸ் போன்ற கூடுதல் மென்பொருள் 2 ஜிபி இயந்திரத்தில் தேவையில்லை. விசைப்பலகை அமைப்பில் இந்திய மொழிகளின் கீழ் ‘தமிழ்நெட் 99’ என்ற வகை ஏற்கெனவே இருக்கிறது. தங்கிலீஷில் அடித்துப் பழகியவர்களுக்கு மட்டும் ஐபஸும் எம்17என் பொதியும் வேண்டும்.

கும்பகோணம் டிடிபி கடையிலிருந்து வரும் கோப்பு குப்பையாகத் தெரிந்தால் அது பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அந்த எழுத்துருவின் டிடிஎஃப் கோப்பையும் வாங்கி ஹோமில் எழுத்துருக் கோப்புறையில் போட்டால் தெரியும். திருத்த வேண்டாம், பார்த்தால் போதும் என்றால் பிடிஎஃப்பாகக் கேட்டு வாங்குவது மேல்.

பிரவுசரை அடக்குதல்

2 ஜிபியை விழுங்குவதும் பென்டிரைவை ஓயாமல் நோண்டுவதும் பிரவுசர்தான். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் அபௌட்:கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, ‘கேச் டிஸ்க் எனேபிள்’ என்ற சொற்கள் வரும் அமைப்பைத் தேடி ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். பார்த்த பக்கங்களின் தற்காலிக நகலான கேச் ராமில் மட்டும் இருக்கும். ‘செஷன்ஸ்டோர் இன்டர்வல்’ என்பது 15000 என்றிருக்கும், அதாவது திறந்த பக்கங்களின் பட்டியலை 15 நொடிக்கு ஒரு தடவை எழுதுகிறது. அதை 300000 ஆக்குங்கள். இந்த இரண்டிலேயே திணறித் திணறி நிற்பது நன்றாகக் குறையும்.

யூடியூப் 480-க்கு மேல் போக வேண்டாம். பழைய செலிரான், ஆட்டம் சிப்களில் பல எச்.264 வகை வீடியோவை ஹார்டுவேரிலேயே விரிக்கும், விபி9 என்ற வகையை விரிக்காது. யூடியூப் தருவதோ பெரும்பாலும் விபி9. எச்264இஃபை என்ற நீட்சி போட்டால் எச்.264-ஐயே கேட்டு வாங்கும்.

ராமுக்குத் துணையாக ஒதுக்கும் ஸ்வாப் இடத்தைப் பென்டிரைவில் வைக்காதீர்கள். ராம் பற்றவில்லையென்றால் ராமின் ஒரு பகுதியையே சுருக்கிப் பயன்படுத்தும் இசட்ராம் இருக்கிறது.

அடிக்கடி வரும் கோளாறுகள்

வைஃபை தெரியவில்லை: போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக உடனே எடுத்துக்கொள்ளும். அதன் வழியாக வைஃபை சிப்புக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பை இறக்கலாம்.

காரணமே இல்லாமல் திரை உறைகிறது, மவுஸும் நகரவில்லை: சிப் என்2830, என்2840, ஜே1900, இசட்37 வரிசை என்றால் பே டிரெயில் குடும்பத்துக்குத் தெரிந்த வியாதி. பிராசசர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போய்த் திரும்ப வராமல் நிற்கிறது. பூட் மெனுவில் கட்டளை வரியின் கடைசியில் ‘இன்டெல்_ஐடில்.மேக்ஸ்_சிஸ்டேட்=1’ என்பதை ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் சேருங்கள். உறைவது நிற்கும். பதிலுக்குச் சூடும் மின்செலவும் கொஞ்சம் கூடும்.

ஏறும்போது கறுப்புத் திரை: பூட் மெனுவில் சேஃப் வீடியோ தேர்வு.

பிரிண்டர்: எச்பி என்றால் பெரும்பாலும் எச்பிலிப் பொதியோடு ஓடும். ஜெராக்ஸ் கடைகளில் நிறையப் பார்க்கும் கேனான் எல்பிபி2900-உடன் மல்லுக்கட்டாதீர்கள். பிடிஎஃப்பாக எடுத்துப் போய் கடையிலேயே பிரிண்ட் போடுங்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேண்டிய வேலைகளுக்கும் இ-சேவை மையம்தான். பட்டா சிட்டா பார்ப்பது, கொள்முதல் நிலையத்துக்கு நெல் பதிவு செய்வது, சான்றிதழ் விண்ணப்பம் போன்றவை பிரவுசரோடு முடிகிற வேலைகள்.

கடைக்கு எடுத்துப் போகாதீர்கள்

இயங்குதளப் பென்டிரைவைப் பிரிண்ட் எடுக்க எடுத்துப் போவதுதான் அதைக் கொல்லும் நிச்சயமான வழி. விண்டோஸுக்கு லினக்ஸ் பகுதி புரியாது. ‘இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று கேட்கும். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கடைப் பையன் ஓகே அழுத்திவிடுவான், அவன்மேல் குற்றமில்லை. முன்பக்கம் டேட்டா பகுதி ஒதுக்கச் சொன்னது இப்படி ஒரு நாள் தப்பித் தவறிச் செருக நேர்ந்தால் கோப்பு அங்கே தெரியட்டும் என்றுதான். வழக்கமான வேலைக்கு அந்த ஏணிப் பென்டிரைவை ஃபார்மேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது போனுக்கு அனுப்பி அங்கிருந்து கடைக்கு அனுப்புங்கள். வங்கிக் கடவுச்சொல்லைப் பிரவுசரில் சேமிக்க வேண்டாம். பென்டிரைவ் தொலைவது லேப்டாப் தொலைவதைவிடச் சுலபம்.

கரண்ட்

பேட்டரி உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள். பேட்டரியே இல்லாமல் அடாப்டரில் பெரும்பாலான லேப்டாப்புகள் ஓடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். நார்மலில் கரண்ட் மாறும் அந்த நொடிப்பிளவில் மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது, பேட்டரி இல்லாத லேப்டாப் அணைந்துவிடும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்துக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் இந்த இயந்திரங்கள்தான் லாயக்கு. டிஸ்க் கழற்றிய செலிரான் லேப்டாப், திரை வெளிச்சத்தைக் குறைத்தால், 10 முதல் 15 வாட்டுக்குள் நிற்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. லெட் ஆசிட் என்பதால் பாதியைத்தான் எடுக்க வேண்டும், 42. மின்னழுத்தத்தை ஏற்றுவதில் பத்து சதவீதம் போக 38. 12 வாட் என்று வைத்தால் மூன்று மணி நேரம் ஓடும். நடுவில் இன்வெர்ட்டர் வைக்காதீர்கள், அது சும்மா இருப்பதற்கே கணிசமாகத் தின்னும். 12-லிருந்து 19 வோல்ட்டுக்கு ஏற்றும் டிசி மாற்றி போதும். உங்கள் அடாப்டரில் 19-ஆ 19.5-ஆ 20-ஆ என்று பார்த்து, லேப்டாப்பில் செருகும் முன்பே மல்ட்டிமீட்டர் வைத்து வோல்ட்டையும் பிளஸ் மைனஸையும் சரிபாருங்கள். பேட்டரியின் பிளஸ் ஒயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. எச்பி, டெல் அடாப்டர்களின் நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அது அடாப்டரை அடையாளம் காண்பதற்கு. அது இல்லாமல் கொடுத்தால் சில மாடல்கள் மெதுவாக ஓடும் அல்லது பேட்டரியைச் சார்ஜ் செய்யாது.

பென்டிரைவ் சாகும் முன்

ஒரு நாள் கண்டிப்பாகச் சாகும். அறிகுறிகள் உண்டு: சேமிக்கச் சொன்னால் ‘படிக்க மட்டும்’ என்று மறுக்கும், ஏறும் நேரம் திடீரென்று இரட்டிப்பாகும், ஏறும்போது ஐ/ஓ எரர் வரிகள் ஓடும். நாகை, வேதாரண்யம் போன்ற உப்புக் காற்று ஊர்களில் முதலில் முனையைச் சந்தேகியுங்கள். பித்தளை நிறப் பட்டைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்ததும் செருகிப் பாருங்கள். அப்படியும் அதே வரிகள் வந்தால் இனி அதில் எதையும் எழுதாதீர்கள். பெர்சிஸ்டன்ஸ் இல்லாமல் ஏறி, ஹோம் பெட்டியில் உள்ளதை வேறு பென்டிரைவுக்கு நகலெடுங்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போதே, மாதம் ஒரு முறை, லைவ் யுஎஸ்பி மேக்கரால் இன்னொரு பென்டிரைவில் ஒரு நகல் போட்டு, ஹோம் கோப்புகளையும் அதில் தனியாக நகலெடுத்து, தேதி எழுதி ஒட்டி வைத்திருந்தால் இந்தப் பத்தியில் சொன்ன மீட்பு வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.